குதிரையைத் தனித்து வளர்த்தல்

குதிரையைத் தனித்து வளர்த்தல் என்பது வேறு குதிரையோ, கழுதையோ, கோவேறு கழுதையோ உடன் இல்லாமல் ஒரே ஒரு குதிரையை மேய்ச்சல் நிலத்தில் அல்லது தோட்டத்தில் வைத்துப் பராமரிப்பதைக் குறிக்கும். குதிரை இயல்பாகவே கூட்டமாக வாழும் விலங்கு ஆகும். எனவே தனித்து விடப்படும் குதிரைகளிற் பெரும்பாலானவை ஏதோ ஓர் அளவில் உளைச்சலுக்கு உள்ளாகின்றன. எனினும் எல்லாக் குதிரைகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட ஒரு குதிரை தனிமையைத் தாங்குமா என்பதை அதன் வயது, முன்வாழ்க்கை, நடத்தை, உணவு, உறக்கம் ஆகியவற்றைக் கொண்டே கணிக்க இயலும். தனியாக உள்ள குதிரை அமைதியாக நிற்பது மட்டும் அது நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

கூட்ட வாழ்வு

கட்டின்றித் திரியும் குதிரைகள் சிறு குழுக்களாக வாழ்கின்றன. பொதுவாக ஒரு குழுவில் ஓர் ஆண் குதிரையும், சில பெண் குதிரைகளும், அவற்றின் குட்டிகளும் இருக்கும். இளம் குதிரைகள் ஏறத்தாழ 2 அல்லது 3 வயதில் பிறந்த குழுவை விட்டு விலகுகின்றன. விலகும் பெண் குதிரைகள் வேறு குழுக்களிற் சேர்கின்றன. ஆண் குதிரைகள் தமக்குள் கூடி "இளவட்டக் குழுக்களாக" வாழ்கின்றன. எக்குழுவிலும் சேராது நெடுங்காலம் தனித்துத் திரியும் குதிரை அரிது.

குழுவுக்குள்ளும் ஒவ்வொரு குதிரைக்கும் விருப்பமான தோழமைகள் உண்டு. இவ்வாறான இரு குதிரைகள் அருகருகே மேய்வதும், தலையும் வாலும் எதிரெதிராக நின்று ஒன்றுக்கொன்று ஈ விரட்டுவதும், கழுத்தையும் முதுகையும் பற்களால் மெல்லச் சொறிந்து கொள்வதும் வழக்கம். பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளைக் கொண்டு 1993 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, கழுத்து முதுகோடு சேரும் மேட்டுப் பகுதியைச் சொறியும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைவதைக் காட்டியது. குதிரைகள் தமக்குள் விரும்பிச் சொறிந்து கொள்ளும் இடமும் அதுவே ஆகும்.

தமிழ் பேசும் நிலப்பகுதிகளிலும் இவ்வாழ்வை நேரிற் காணலாம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 1967 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கோடியக்கரை வனவிலங்கு உய்விடத்தில், வளர்ப்பிலிருந்து விலகிக் காட்டியல்பு பெற்ற மட்டக் குதிரைகள் வெளிமான்கள் வாழும் அதே புல்வெளியில் மேய்கின்றன. இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்த நெடுந்தீவிலும் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் கூட்டங்களாகத் திரிகின்றன. உப்புக் காற்றும், கோடையிற் கடும் நீர்த் தட்டுப்பாடும் உள்ள இடங்கள் இவை. உணவும் நீரும் குறைந்த நிலையிலும் இக்குதிரைகள் கூட்டம் கலைந்து தனித்தனியே வாழத் தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பல தலைமுறைகளாக மனிதன் வளர்த்த குதிரைக்கும் கூட்டுவாழ்வு இயல்பு மாறவில்லை என்பதை இது உணர்த்துகிறது.

தனிமையின் விளைவுகள்

விழிப்பும் மேய்ச்சலும்

குதிரை ஓர் இரை விலங்கு ஆகும். தலையின் பக்கவாட்டில் அமைந்த கண்களால், தனக்கு நேர் பின்னே உள்ள சிறு பகுதி தவிர ஏறத்தாழ எல்லாத் திசைகளையும் அதனாற் பார்க்க முடியும். கூட்டத்தில் காவற்பணி பலருக்கிடையே பகிரப்படுவதால் ஒவ்வொரு குதிரையும் தலை குனிந்து நிம்மதியாக மேயலாம். தனிக் குதிரைக்கு இப்பகிர்வு இல்லை. நல்ல மேய்ச்சல் நிலத்தில் ஒரு குதிரை நாளொன்றின் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை மேய்வதிற் செலவிடும். அடிக்கடி தலை தூக்கிச் சுற்றிப் பார்க்கும் குதிரைக்கு அந்நேரம் குறைகிறது.

அச்சத்தைக் குறைப்பதிலும் துணைக்குப் பங்கு உண்டு. பழக்கமில்லாத, அச்சமூட்டும் பொருளை எதிர்கொள்ளும் குதிரை, அப்பொருளுக்கு ஏற்கெனவே பழகிய அமைதியான துணையுடன் இருக்கும்போது குறைவாகவே மிரள்கிறது என்பதை 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த டென்மார்க் ஆய்வொன்று காட்டியது.

உறக்கம்

குதிரை நின்றபடியே தூங்கும் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. கால்களின் தசைநாண் அமைப்பு மூட்டுகளைப் பூட்டிவிடுவதால் அது நின்றபடி அரைத்தூக்கம் கொள்ள முடியும். ஆயினும் தசைகள் முற்றிலும் தளரும் கனவுநிலை உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். இவ்வுறக்கம் நாளொன்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேவைப்படுகிறது. கூட்டத்தில் சில குதிரைகள் படுத்திருக்கும்போது குறைந்தது ஒன்றேனும் நின்று காவல் காப்பது வழக்கம். காவலுக்கு யாரும் இல்லாத குதிரை படுக்கத் துணியாமல் இருக்கக்கூடும்.

இவ்வாறு பல நாட்கள் படுக்காத குதிரை, நின்றபடி ஆழ்ந்த உறக்கத்தில் வழுவி முன்னங்கால்கள் மடங்கிச் சரிந்து, திடுக்கிட்டு எழும். முன்னங்கால் முட்டிகளிலும் குளம்புக்கு மேலுள்ள மூட்டின் முன்புறத்திலும் காரணம் தெரியாத சிராய்ப்புகள் இருந்தால் உறக்கக் குறைவை ஐயுற வேண்டும். மூட்டு வலியாலோ, ஈரமான இடத்தாலோ கூடக் குதிரை படுக்காமல் இருக்கலாம் என்பதால் மருத்துவப் பரிசோதனை தேவை.

பழக்கக் கோளாறுகள்

தனிமையும் அடைப்பும் சேரும்போது பயனற்ற அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள் தோன்றலாம். தலையையும் கழுத்தையும் இடவலமாக ஆட்டிக்கொண்டே இருத்தல், வேலியோரம் ஒரே தடத்தில் மேலும் கீழும் நடத்தல், மரச் சட்டத்தைப் பற்களாற் கவ்விக் காற்றை உள்ளிழுத்தல் ஆகியன இவற்றிற் சில. தலையாட்டும் பழக்கமுள்ள குதிரைகளின் கொட்டிலிற் கண்ணாடி பொருத்தியபோது அப்பழக்கம் வெகுவாகக் குறைந்ததாக 2002 ஆம் ஆண்டு ஆய்வொன்று கூறுகிறது. தன் உருவையே இன்னொரு குதிரையாகக் கொள்ளும் அளவுக்கு அதற்குத் துணை தேவைப்படுகிறது என இதற்கு விளக்கம் கூறப்படுகிறது.

ஒடுங்கிய நிலை

உளைச்சல் எப்போதும் ஆரவாரமாக வெளிப்படுவதில்லை. பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சவாரிப் பள்ளிக் குதிரைகளிடையே வேறொரு நிலையை விவரித்து 2012 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இந்நிலையில் குதிரை அசையாமல், கழுத்தை முதுகின் மட்டத்தில் வைத்து, கண்களைத் திறந்தபடி வெறித்து நிற்கும். சுற்றுப்புற ஒலிகளுக்கும் தொடுதலுக்கும் அதன் எதிர்வினை குறைவு. மனிதரின் மனச்சோர்வுடன் இதை ஒப்பிட இயலுமா என அவ்வாய்வு வினவியது. இவ்வாறு நிற்கும் குதிரையை உரிமையாளர் "சாதுவான குதிரை" என்று பாராட்டுவதும் உண்டு. முதற்சில நாட்கள் ஓயாது கனைத்த குதிரை பின்னர் அடங்கிப் போனால், அது பழகிவிட்டதா ஒடுங்கிவிட்டதா என்பதை ஆராய்ந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

தமிழகத்தில் தனிக் குதிரைகள்

தமிழகத்துக்குக் குதிரை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த விலங்கு. பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகப் பகுதிகளிலிருந்து காயல் துறைமுகம் வழியாகக் குதிரைகள் பெருந்தொகையாக இறக்குமதி செய்யப்பட்டன. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, இக்குதிரைகள் பராமரிப்பு அறியாமையால் விரைவில் இறந்துபோவதையும், அதனால் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருப்பதையும் பதிவு செய்துள்ளார்.

20 ஆம் நூற்றாண்டில் நகரங்களில் ஓடிய ஜட்கா வண்டிகளுக்கு வண்டிக்காரர் பலரும் ஒரே ஒரு குதிரையையே வைத்திருந்தனர். ஆயினும் அக்குதிரை தொடருந்து நிலையத்தின் முன் உள்ள வண்டிப் பேட்டையில் நாள்தோறும் பிற குதிரைகளுடன் வரிசையில் நின்றது. ஆகவே ஒருவரிடம் ஒரு குதிரை மட்டும் இருப்பதும், அக்குதிரை தனிமையில் இருப்பதும் வெவ்வேறு நிலைகள் ஆகும். எத்தனை குதிரைகளை அது நாள்தோறும் பார்க்கிறது, முகர்கிறது, தொடுகிறது என்பதே இங்கு அளவுகோல்.

இன்று ஈரோடு மாவட்டத்திலுள்ள அந்தியூர் குருநாதசாமி கோவிலின் ஆடித் திருவிழாச் சந்தை, தமிழகத்தில் குதிரைகள் விற்கப்படும் இடங்களுட் குறிப்பிடத்தக்கது. கத்தியவாரி, மார்வாரி இனக் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் இங்கு விற்பனைக்கு வருகின்றன. சந்தையில் பல குதிரைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு குதிரை சுறுசுறுப்பாகவும் அமைதியாகவும் தோன்றலாம். அதை ஒரு தோட்டத்திற்குத் தனியாகக் கொண்டு சென்ற பிறகும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ள இயலாது.

துணை கிடைப்பதும் அரிதாகி வருகிறது. 2019 ஆம் ஆண்டின் 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள குதிரைகள், மட்டக் குதிரைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3.4 இலட்சம் ஆகும். இது 2012 கணக்கெடுப்பை விட 45.6 விழுக்காடு குறைவு. கழுதைகள் 61 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்து ஏறத்தாழ 1.2 இலட்சம் ஆயின. ஜட்கா ஓடிய காலத்தில் அடுத்த தெருவிலேயே இன்னொரு குதிரை இருந்தது. இன்று ஒரு வட்டாரத்துக்கே அது ஒன்றாக இருக்கக்கூடும்.

தாங்குமா எனக் கணித்தல்

பின்னணி

குதிரையை வாங்குவதற்கு முன்னரே பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நன்று.

* வயது: தாய்ப்பால் மறந்த குட்டிகளையும் இளம் குதிரைகளையும் தனித்து வைத்தல் கூடாது. குதிரைகளுக்குரிய நடத்தையை அவை பிற குதிரைகளிடமிருந்தே கற்கின்றன. சுவிட்சர்லாந்தின் 2008 ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, இளம் குதிரைகளை 30 மாத வயது வரை அல்லது வேலைக்குப் பழக்கத் தொடங்கும் வரை குழுவாக வைக்க வேண்டும் என்கிறது.
* முன்வாழ்க்கை: எப்போதும் கூட்டத்தில் இருந்த குதிரையும், நெடுங்காலம் ஒரே துணையுடன் இருந்த குதிரையும் பிரிவால் மிகுதியாகப் பாதிக்கப்படும். பல காலம் தனித்திருந்து, உடல் எடையும் உறக்கமும் குறையாத முதிர்ந்த குதிரை தாங்குவதற்கு வாய்ப்பு அதிகம்.
* வேலை: நாள்தோறும் சவாரிக்கோ வண்டிக்கோ வெளியே செல்லும் குதிரைக்குத் தூண்டல் கிடைக்கிறது. வேலையற்று நிற்கும் குதிரைக்கு அது இல்லை.
* உடல்நலம்: பார்வை குறைந்த குதிரைகள் துணையின் ஓசையையும் அசைவையும் சார்ந்து வாழ்பவை.

படிப்படியாகப் பிரித்துப் பார்த்தல்

முன்பு துணையுடன் இருந்த குதிரையாயின், துணையை முதலிற் சில நிமிடங்களும், பின்னர் அரை மணி, இரண்டு மணி, ஒரு பகல் எனவும் கண்ணுக்கு மறைவாகக் கொண்டு சென்று கவனிக்கலாம். வேலி உறுதியாக இருத்தல் வேண்டும். சிறிது நேரம் கனைத்துவிட்டு மேயத் திரும்புதல் நல்ல அறிகுறி. வேலியை ஒட்டி ஓடுதல், வியர்த்தல், நீர்த்த இலத்தியை அடிக்கடி போடுதல், தீவனத்தைத் தொடாமல் நிற்றல் ஆகியன தீய அறிகுறிகள். இவை ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் சோதனையை நிறுத்த வேண்டும். வேலியைத் தாண்ட முயலும் குதிரை காலை முறித்துக் கொள்ளக்கூடும்.

தொடர் அவதானிப்பு

ஒரு நாள் பார்வை போதாது. குறைந்தது சில வாரங்களுக்குப் பின்வருவனவற்றைக் குறித்து வருதல் வேண்டும்.

* வைத்த தீவனமும் மீந்த தீவனமும், குடித்த நீரின் அளவு.
* இலத்தியின் தன்மையும் எண்ணிக்கையும்.
* வேலியோரத்தில் புல் தேய்ந்து புதிய நடைத்தடம் தோன்றியுள்ளதா என்பது.
* காலையில் விலாவிலும் பிட்டத்திலும் மண் அல்லது வைக்கோல் ஒட்டியிருத்தல். இது இரவிற் படுத்ததற்கான எளிய சான்று. இருளிற் படம்பிடிக்கும் கண்காணிப்புக் கருவி இருப்பின் உறுதியாகத் தெரியும்.
* ஓய்வு நிலை இதயத் துடிப்பு. வளர்ந்த குதிரைக்கு இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 வரை இருக்கும்.
* பழகிய மனிதர் வரும்போது காதுகளைத் திருப்பிப் பார்க்கிறதா, அசையாமல் நிற்கிறதா என்பது.
* மாதம் ஒருமுறை மார்புச் சுற்றளவு. எடை குறைவதை இதனால் அறியலாம்.

முடிவு

உண்ணுதல், படுத்துறங்குதல், சுற்றுப்புறத்தில் ஆர்வம் காட்டுதல் ஆகிய மூன்றும் வாரக்கணக்கிற் சீராக இருந்தால் குதிரை தாங்குகிறது எனக் கொள்ளலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் முதலில் நோய் உண்டா எனக் கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்க்க வேண்டும். நோய் இல்லையாயின் துணை சேர்த்தல், அல்லது குதிரைகள் உள்ள இடத்துக்கு அதை மாற்றுதல் ஆகிய இரண்டே முறையான தீர்வுகள். தாங்குகிறது எனக் கண்ட குதிரையையும் பருவம், வயது, வேலை மாறும்போது மீண்டும் கவனிக்க வேண்டும்.

கரிசல் நிலப் பகுதிகளில்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அமைந்த ஆமத்தூர் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் மழையை நம்பியது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய சில மாதங்களே இங்கு பசும்புல் இருக்கும். எஞ்சிய காலத்தில் மேய்ச்சல் நிலம் என்பது பெரும்பாலும் அறுவடை முடிந்த காடும் சீமைக் கருவேலமுமே ஆகும். மேய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலத்தில் தனிக் குதிரைக்கு நாளை நிரப்பும் ஒரே வேலையும் இல்லாமற் போகிறது. ஆகவே உலர்தீவனத்தை ஒரே வேளையிற் கொட்டாமல் பல முறையாகப் பிரித்து, பல இடங்களில் வைத்தல் நன்று. கோடையில் நிழலும், நாளொன்றுக்கு 40 லிட்டருக்குக் குறையாத நீரும் தேவை.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு சிக்கல் ஓசை ஆகும். பட்டாசுத் தொழிலகங்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் வெடியோசை தீபாவளியோடு முடிவதில்லை. கோவில் விழாக்களிலும் திருமணங்களிலும் இறுதி ஊர்வலங்களிலும் வெடி வெடிப்பது வழக்கம். துணையில்லாக் குதிரை திடீர் ஓசைக்கு மிரண்டு வேலியில் மோதக்கூடும். முள்கம்பி வேலி இந்நிலையில் மிக ஆபத்தானது. விழாக் காலங்களில் பழகிய ஒருவர் உடனிருப்பதும், முன்கூட்டியே கொட்டிலுக்குள் கொண்டு வருவதும் உதவும். மேய விடும்போது முன்னங்கால்களுக்குத் தளையிடும் பழக்கம் இங்கு குறிப்பாகத் தவிர்க்கத்தக்கது. ஓட முடியாத நிலையில் மிரளும் குதிரை விழுந்து காயமுறும்.

தோட்டங்கள் ஊரிலிருந்து விலகியிருப்பதால் இரவிற் குதிரையைப் பார்க்க ஆளிருப்பதில்லை. குதிரைகளுக்கு ஏற்படும் கடும் வயிற்றுவலி சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. தனிக் குதிரை உள்ள தோட்டத்தில் காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் ஒருவர் சென்று பார்ப்பது இன்றியமையாதது.

துணை விலங்குகள்

* குதிரை அல்லது மட்டக் குதிரை: மிகப் பொருத்தமான துணை. ஓய்வு பெற்ற முதிய குதிரையும் போதுமானது. புதிதாக வருவதைச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்து, குதிரைகளைத் தாக்கிப் பிற விலங்குகளுக்கும் மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்சு நோய் உள்ளதா எனக் குருதிப் பரிசோதனை செய்த பின்னரே சேர்க்க வேண்டும்.
* கழுதை: குதிரைக்கு நெருங்கிய இனம். பல குதிரைகள் கழுதையுடன் நன்கு பிணைகின்றன. ஆயினும் கழுதை, தான் நோயுறாமலேயே நுரையீரற் புழுக்களைக் குதிரைக்குப் பரப்பக்கூடும். ஆகையால் இரண்டுக்கும் குடற்புழு நீக்கத்துடன் இதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். குதிரைக்கு உரிய செறிவுத் தீவனம் கழுதைக்கு மிகை.
* ஆடு, மாடு: காவலையும் உடனிருப்பையும் ஓரளவு தரும். ஒன்றையொன்று சொறிதல், சேர்ந்து ஓடுதல் போன்றவற்றை இவற்றால் ஈடு செய்ய முடியாது. கரிசல் காடுகளிற் கிடை போட வரும் ஆட்டு மந்தை சில நாட்களிற் போய்விடும். அதனுடன் பழகிய குதிரைக்கு ஒவ்வொரு முறையும் அது ஒரு பிரிவு ஆகும்.
* மனிதர்: நாள்தோறும் தேய்த்து விடுதல், நடத்திச் செல்லுதல் ஆகியன பயன் தரும். ஆயினும் மனிதர் உடனிருப்பது நாளில் சில மணி நேரமே.

ஒரே ஊரிற் குதிரை வைத்திருக்கும் இருவர் இரண்டையும் ஒரே தோட்டத்தில் விட்டுச் செலவைப் பகிர்ந்து கொள்வது பல இடங்களில் எளிய வழியாக அமைகிறது.

தவிர்க்க முடியாத தனிமை

தொற்றுநோய், காயம், துணையின் இறப்பு ஆகிய வேளைகளிற் குதிரையைத் தனித்து வைக்க நேரிடும். தொற்று அச்சம் இல்லாதபோது, பிற குதிரையைக் கண்ணாற் காணவும் குரலைக் கேட்கவும் கூடிய தொலைவில் வைத்தல் நன்று. துணை இறந்தால், உடலைச் சிறிது நேரம் முகர்ந்து பார்க்க மற்றதை அனுமதிக்குமாறு பலர் பரிந்துரைக்கின்றனர்.

காயடிக்கப்படாத ஆண் குதிரையைத் தனித்தே வைக்க வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. சுவிட்சர்லாந்தின் தேசியப் பொலிகுதிரை நிலையத்தில், இனப்பெருக்கக் காலம் முடிந்த ஆண் குதிரைகளைப் பெரிய மேய்ச்சல் நிலத்தில் ஒன்றாக விட்டு ஆராய்ந்தனர். முதற்சில நாட்களின் உரசல்களுக்குப் பின் அவை அமைதியாக மேய்ந்தன. பெண் குதிரைகள் அருகில் இல்லாமையும் பரந்த இடமும் இதற்கு முன் நிபந்தனைகள்.

சட்ட நிலை

சுவிட்சர்லாந்தின் மேற்கூறிய ஒழுங்குவிதி, ஒவ்வொரு குதிரையும் மற்றொரு குதிரையினத்தைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் கூடியவாறு வைக்கப்பட வேண்டும் எனக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவின் 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குதிரையின் துணை பற்றித் தனியாகக் குறிப்பிடவில்லை. எனினும் அதன் 3 ஆம் பிரிவு, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனை உறுதிப்படுத்தவும் தேவையற்ற வலியும் துன்பமும் நேராமல் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான கயிற்றிலோ சங்கிலியிலோ நியாயமற்ற நேரம் கட்டி வைத்தல் 11 ஆம் பிரிவின்படி குற்றம் ஆகும்.